அயர்லாந்தில் நான் போட்ட குலவை

1

இன்று காலை என் சமையலறையில் நின்று ஒரு குலவை போட்டேன். மெல்ல, வாய்க்குள் போட்டதல்ல. கண்மாய்க்கு அக்கரையில் உழுதுகொண்டிருப்பவர் ஏரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாரே, அந்தக் குலவை. எதிர்வீட்டு நோரா ஒரு கையில் விளக்குமாறும் மறுகையில் ஜெபமாலையுமாக ஓடி வந்தாள். திருடன் என்றால் விளக்குமாறு, சாவு என்றால் ஜெபமாலை. இரண்டுக்கும் வேலையில்லை என்று என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற என் மகள் செல்வி, "அம்மா, ஜன்னலையாவது சாத்திட்டுச் செய்யக்கூடாதா?" என்று கேட்டாள்.

மேசையில் இரண்டு நீல விமானக் கடிதங்கள் பிரித்தபடி கிடந்தன. ஒன்றில் காரைக்குடி முத்திரை, இன்னொன்றில் தேவகோட்டை முத்திரை. இரண்டும் ஒரே தபாலில் வந்து விழுந்தன. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று சொல்ல எனக்கு நாக்குத் துடிக்கிறது. ஆனால் என் வீட்டுக்காரர் எப்போதும் சொல்வார், "உனக்குக் கதை சொல்லத் தெரியாது, முடிவை முதல்ல சொல்லிட்டு அப்புறம் ஆளுக பேரைச் சொல்லுவ" என்று. அதனால் இன்றைக்கு முறையாக, வரிசையாகச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். எனக்கே பொறுக்க முடியவில்லை.

2

நான் கொத்தமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. பெயர் பஞ்சவர்ணம். பெரிய வீடுகள் வரிசையாக நிற்கும் தெருக்களைத் தாண்டி, வயல்காடு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் காரைக்குடி. மதுரையில் டாக்டருக்குப் படித்தவர். மேல்படிப்புக்கென்று அயர்லாந்து வந்தார். படிப்பு முடிந்ததும் மேற்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. "ரெண்டே வருசம், போயிரலாம்" என்று என்னையும் கைக்குழந்தையையும் வரவழைத்தார். இது ஆறாவது வருடம்.

இந்த ஊரில் எங்களைத் தவிர நம் நாட்டு மனிதர்கள் கிடையாது. வெளிநாட்டுக்காரி என்பதால் வருடத்துக்கு ஒருமுறை நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வெளிநாட்டார் பதிவுப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். சார்ஜண்ட் நல்ல மனிதர். ஆனால் ஒவ்வொரு வருடமும் முதல் தடவை பார்ப்பதுபோல் பெயரை எழுத்துக் கூட்டி எழுதுவார். "தொழில்?" என்பார். நான் பதில் சொல்வதற்கு முன்பே "இல்லை" என்று எழுதிவிடுவார். மூன்று வேளைச் சமையல், துணி, பிள்ளை, தோட்டம், கரி அடுப்பு எல்லாம் சேர்ந்தால் இங்கே அதற்குப் பெயர் 'இல்லை'.

பாஷைச் சங்கடமும் உண்டு. நோரா வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் நம் வழக்கப்படி "வர்றேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வருவேன். போகிறேன் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அவள் நான் திரும்பி வரப் போகிறேன் என்று நம்பி, முதல் மூன்று மாதம் இரண்டாம் தடவை டீ போட்டு வைத்துக் காத்திருந்தாளாம். செல்வியோ, வீட்டில் 'அம்மா', பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து 'மாமி'. இங்கே தாயைக் கூப்பிடும் சொல் நம் காதில் அப்படித்தான் விழும். பெற்ற மகளே என்னை மாமியாக்கிவிட்டாள் என்று நானும் ஊருக்கு எழுதிச் சிரித்திருக்கிறேன்.

நோரா பேசுவதை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதப்போகிறேன். அவளுடைய வேகமும் ஏச்சும் பாசமும் வேறு எந்தத் தமிழிலும் அடங்காது.

3

அடுத்தது வள்ளியக்கா. அவளைப் பற்றி எழுதுவதற்கே எனக்கு இத்தனை வருடம் தைரியம் வரவில்லை.

வள்ளி என் உடன்பிறந்த அக்கா, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் ஊர்ப் பெண்களில் குலவைக்கு அவள்தான் தலை. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் முளைப்பாரி, எதுவானாலும் "வள்ளி வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். தாழ்வாக ஆரம்பிப்பாள், நடுவில் மூன்று முறை உடைப்பாள், கடைசியில் மேலே ஓர் இழுப்பு இழுத்து நிறுத்துவாள். அந்த இழுப்பு எங்களைப் பெற்ற ஆத்தாவிடமிருந்து அவளுக்கு வந்தது. அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் அது வராது.

பதினேழு வயதில் அவளைப் பட்டாளத்தில் இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் கெட்டவரில்லை. வருடத்தில் ஒரு மாதம் வருவார், வந்த மாதமும் பேசமாட்டார். எல்லையில் சண்டை வந்த வருடம் அந்த ஒரு மாதமும் இல்லாமல் போனது. அந்தச் சமயத்தில்தான் அக்கா தேவகோட்டை பஸ்ஸின் கண்டக்டரோடு போய்விட்டாள். மூன்று வருடம் தினமும் அவருடைய பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய் வந்தவள். இத்தனைக்கும் ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

அய்யா, எங்கள் அப்பா, அன்றைக்கு வீட்டு நடுவில் நின்று ஒரே ஒரு முறைதான் பேசினார். "அவ பேரு இனி இந்த வீட்டுல வரக்கூடாது." ஆத்தா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அய்யாதான் எங்கள் வீட்டில் கடிதம் எழுதுகிறவர். நான் இங்கே வந்த பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் வீட்டில் உள்ளவர்கள், மாடு, கன்று எல்லாருடைய நலமும் இருக்கும். வள்ளி இருக்கமாட்டாள். நானும் கேட்டதில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், தனக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள் என்றே என் மகளுக்கு வெகுநாள் நான் சொல்லவில்லை. அக்காவை மறுபடி அந்த வீட்டுக்குள் யாராவது கூப்பிடுவார்களா என்பதுதான் என் நெஞ்சில் இருந்த ஒரே கேள்வி. அதைக் கடிதத்தில் எழுதினால் அய்யா என் கடிதத்தையும் பிரிக்கமாட்டார் என்று பயந்தேன்.

4

இனிமேல்தான் கொண்டாட்டம். அறுபதுகளின் கடைசியில் இந்த அயர்லாந்து ஊருக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது!

லாரி லாரியாக வந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்துக் காதல் கதையாம். ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஒரு முழுக் கிராமத்தையே கட்டினார்கள். கொல்லன் பட்டறை, தேவாலயம், சாராயக்கடை, நடுவில் ஒரு கிணறு. செல்வியைத் தூக்கிக்கொண்டு தினமும் போய்ப் பார்த்தேன். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். இந்த வீடுகளிலோ முன்கதவைத் திறந்தால் நேரே கடல். உள்ளே ஒன்றுமே கிடையாது. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் ஒரு தச்சர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டார்.

கதையில் பெரிய மழை வேண்டுமாம். வருடம் முழுக்க நனைந்து கிடக்கும் இந்த ஊரில், கம்பெனி வந்ததும் மூன்று வாரம் வெயில் அடித்தது. டைரக்டர் ரப்பர் பூட்ஸோடு வானத்தைப் பார்த்து நிற்பார். கடைசியில் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கூட்டத்துக்கு இருநூறு பெண்கள் வேண்டும். ஊரில் விஷக்காய்ச்சல் பரவியிருந்ததால் ஆள் குறைந்தது. நோரா என் கதவைத் தட்டினாள். "அடியே பஞ்சு, கெளம்பு. தலையில சால்வையப் போட்டுக்க, மூஞ்சியில கரியத் தடவிருவாக, பின்னால நின்னா ஒங்க ஆத்தாளுக்கே அடையாளம் தெரியாது."

"எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லையே நோரா?"

"அப்ப போயி அந்தச் சார்ஜண்டுகிட்டக் கேளு. இங்குட்டு நின்னு என்கிட்டக் கேட்டா?"

ஸ்டேஷனுக்கு ஓடினேன். சார்ஜண்ட் மேசைக்குப் பின்னால் பழைய காலத்துப் பட்டாள உடுப்பில் உட்கார்ந்திருந்தார். அவரும் படத்தில் சிப்பாய்! ஒட்டுமீசை வேறு. என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். தலையைச் சொறிந்தார். வேலை என்றால் கூடாது, ஆனால் கூட்டத்தில் போய் நிற்பதை வேலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, கூலி மட்டும் வாங்காதே என்றார். முத்திரை குத்தும்போது ஒட்டுமீசை கழன்று மை டப்பாவில் விழுந்துவிட்டது. ஊதாநிற மீசையோடுதான் அவர் படப்பிடிப்புக்கு வந்தார். எனக்குக் கூலிக்குப் பதிலாக ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கிடைத்தது.

5

கதை என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கதாநாயகி கொல்லனின் மனைவி, போருக்குக் குதிரை வாங்க ஓர் ஆபீசர் வருகிறார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கொடி அசைந்ததும் எல்லாப் பெண்களும் சேர்ந்து கத்த வேண்டும் என்பதுதான் உத்தரவு. அதையும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், காற்று பாதியைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது.

நாங்கள் பட்டறை வாசலிலிருந்து கிணறு வரை இரண்டு பக்கமும் நெருக்கி நின்றோம். நான் கடைசி வரிசை. கதவு திறந்தது. அந்த நடிகை வெளியே வந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தீயணைப்பு வண்டித் தண்ணீரில் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். முடி அவிழ்ந்து இடுப்பு வரை தொங்கியது. வெறுங்கால். கண் யாரையும் பார்க்கவில்லை. பெண்கள் இரண்டு பக்கமும் விலக, நடுவில் கிணற்றைப் பார்த்து நடந்து வந்தாள். மாரியம்மன் கோயில் வாசலில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தலையை விரித்துப் போட்டு, சாமி வந்த பெண் நடந்து வருவாளே, அதே நடை. நான் எங்கே நிற்கிறேன் என்பது மறந்துபோனது. கொடியாவது ஒன்றாவது? நாக்கு தானாகச் சுழன்றது. குலவை போட்டேன். தாழ்வாக ஆரம்பித்து, மூன்று முறை உடைத்து, கடைசி இழுப்பையும் இழுத்தேன்.

இருநூறு பெண்களும் கத்த மறந்துபோனார்கள். அந்த நடிகை நின்றாள். திரும்பினாள். சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்திக்கொண்டு கிணறு வரை நடந்து போனாள். அதுவரை கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"யார் அது?" என்று டைரக்டர் கத்தினார். நான் ஒரு தடிமனான அம்மாளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நோரா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இந்தா, இவதான்! டாக்டர் பொண்டாட்டி!"

உருளைக்கிழங்கு போய்விட்டது என்று நினைத்தேன். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதை உங்கள் ஊரில் எப்போது செய்வீர்கள் என்று கேட்டார். "சாமி வந்தவளுக்கு முன்னால்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் அந்த நடிகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். நான்கு தடவை போட்டேன்! மற்றப் பெண்களுக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னார். ஒருத்திக்கும் வரவில்லை. நோரா முயன்று பார்த்ததில் பல்செட் கழன்று கைக்கு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது லாரியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அந்தச் சாமி எதுக்கு நோரா கிணத்துக்குப் போகுது?" என்று கேட்டேன்.

நோரா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சாமியா? அடி கிறுக்கி. புருசன் இருக்கையில அந்த ஆபீசரு கூடப் போனவடி அவ. ஊரே கூடி அவளை வெரட்டுது. நாமதான் அந்த ஊரு."

6

நான் வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின பங்குனி என் கண் முன்னால் வந்து நின்றது.

அக்கா போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. முளைப்பாரி அன்று, யாரும் எதிர்பார்க்காமல், அவள் தேவகோட்டையிலிருந்து வந்தாள். வாடகை வீட்டு மூலையில் தானே விதை போட்டு, தண்ணீர் தெளித்து வளர்த்த முளைப்பாரியைப் பஸ்ஸில் ஒரு சீட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். தலையில் தூக்கிக்கொண்டு வரிசையில் கடைசி ஆளாக வந்து நின்றாள். பயிர் நன்றாக வளர்ந்திருந்தது, மற்ற எல்லாருடையதையும்விட ஒரு சாண் உயரம்.

ஒவ்வொரு முளைப்பாரிக்கும் குலவை போட்டுக்கொண்டே வந்த பெண்கள், அவள் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். கொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அய்யா கோயில் வாசலில் நின்று தரையைப் பார்த்தார். இடுப்பில் செல்வியை வைத்துக்கொண்டு நான் குலவை போடுகிறவர்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். அக்கா என்னைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றாள். நான் ஒருத்தி போட்டால் போதும் என்று அவள் கண் கேட்டது. நாக்கு தயாராகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நேரே நடந்து போய், கோயிலில் இறக்கி வைக்காமல், தனியாகக் கண்மாயில் கரைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

அந்தக் குலவையைத்தான் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரிக்கு, நனைந்த ஒரு குன்றின் மேல் போட்டிருக்கிறேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. வீட்டுக்குள் நுழைந்து, கரி அப்பிய முகத்தோடே செல்வியை மடியில் உட்காரவைத்து, "உனக்கு ஒரு பெரியம்மா இருக்குடி" என்று சொன்னேன். "எங்க இருக்கு?" என்று உடனே கேட்டாள். அவளுக்கு அது ஒரு நல்ல செய்தி, அவ்வளவுதான். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கிற வயது இல்லை.

அன்றே அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். விலாசம் தெரியாது. 'வள்ளி, காரைக்குடி பஸ் கண்டக்டர் வீடு, பஸ் ஸ்டாண்டு பின்புறம், தேவகோட்டை' என்று எழுதிப் போட்டேன். என் பெயரை ஆறு வருடமாக எழுத்துக் கூட்டுகிறவர்கள் இருக்கிற உலகத்தில், அது ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்து பதிலும் வந்துவிட்டது! "ஒன் எழுத்தப் பாத்ததும் அடுப்புல சோறு தீஞ்சுருச்சு" என்று எழுதியிருந்தாள்.

7

படம் முடிந்து இந்த ஊர்க் கொட்டகைக்கு வரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஊர் முழுக்கத் திரண்டு போனோம். அவரவர் தலையைத் தேடி ஒரே கூச்சல். "அதோ என் மாடு!" என்று ஒருவர் எழுந்து நின்று கத்தினார். குலவையை வெட்டிவிட்டிருப்பார்களோ என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பட்டறைக் கதவு திறந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை, கத்தல் இல்லை, இசை இல்லை. என் குலவை மட்டும்! நோரா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் குலவை போட்டுப் பார்த்து வகுப்பையே எச்சிலாக்கியிருக்கிறார்கள். செல்விக்கு மானம் போய்விட்டது. என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்புறம் அது இந்தியாவுக்குப் போகுமா, நம் பக்கம் வருமா என்று தவம் கிடந்தேன். "போனாலும் சென்ஸார்ல பாதிய வெட்டிருவாங்க" என்றார் என் வீட்டுக்காரர். "எந்தப் பாதியை?" என்று நான் கேட்க, அவர் பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

போன மார்கழியில், காரைக்குடிக் கொட்டகை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு வரப்போகிறது என்று அக்காவின் வீட்டுக்காரர், அந்தக் கண்டக்டர்தான், விசாரித்து எழுதினார். நான் இரண்டு கடிதம் எழுதினேன். அய்யாவுக்கு: 'நான் ஒரு யுத்தப் படத்தில் வருகிறேன், நிறையக் குதிரைகள் உண்டு, ஆத்தாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.' குதிரை என்றால் அய்யா வருவார் என்று எனக்குத் தெரியும். கதையைப் பற்றி மூச்சு விடவில்லை. அக்காவுக்கு: 'அவர்கள் வருகிறார்கள். நீயும் வா.' தபாலில் போட்ட பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. புருஷனை விட்டுப் போனவளின் கதையை அய்யாவை உட்காரவைத்துக் காட்டப் போகிறேன், அதே கொட்டகையில் அக்கா வேறு. ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் அக்காவுக்கு அந்த வீட்டுக் கதவு மொத்தமாக மூடிவிடும். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒருத்தரிடமிருந்தும் கடிதமே இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினேன்.

இன்று காலை இரண்டும் வந்தன.

8

அக்காவின் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன். ஐந்தாவது வரை படித்தவள், பேசுகிறபடியே எழுதுவாள்.

"அன்புத் தங்கச்சி பஞ்சுக்கு. நான் பொம்பளைக பக்கத்துல கடைசி பெஞ்சுல முக்காடு போட்டு உக்காந்துருந்தேன். முன்னால நம்ம ஊரு பொம்பளைக மூணு வரிசை. ஆத்தா நடுவுல. அய்யா அங்குட்டு ஆம்பளைக பக்கம். படத்துல பாதிய வெட்டிட்டாக. அவளும் ஆபீசரும் கிட்ட வந்தா அடுத்த நிமிசம் குதிரை ஓடுது. இங்கிலீசும் தெரியாது, நம்ம ஆளுகளுக்குக் கதை ஒண்ணும் வெளங்கல. எனக்கு எங்க வீட்டுக்காரக முன்னாடியே வெசாரிச்சுச் சொல்லிட்டாக. முக்காட்ட இன்னும் இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்துருந்தேன்.

அவ தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு தண்ணி சொட்டச் சொட்ட வந்தா பாரு, 'மாரி எறங்கிட்டாடி'ன்னு ஒருத்தி சத்தம் போட்டா. அப்பத்தான் ஒன் கொலவை வந்துச்சு. கொட்டகையே அதுந்துபோச்சு. ஆத்தா எந்திரிச்சு நின்னு பதில் கொலவை போட்டா. மூணு ஒடைப்பும் போட்டுட்டா, வயசாயிருச்சுல்ல, மூச்சுப் பத்தல, கடைசி இழுப்பு வரல. என்னால இருக்க முடியல பஞ்சு. அந்த இழுப்ப நான் இழுத்து முடிச்சுட்டேன்.

வெளக்குப் போட்டதும் ஆத்தா திரும்பிக் கூட்டத்தத் தள்ளிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தா. 'இழுப்பு இன்னும் மறக்கலையாடி?'ன்னா. அம்புட்டுத்தான் கேட்டா. என் தலையில கைய வச்சுட்டு, அய்யா வாசல்ல நிக்கிறாகன்னு போயிட்டா. அய்யா என்னையப் பாத்தாகளா பாக்கலையான்னு தெரியல. ரெண்டு மாசமா ஒரு சேதியும் இல்ல. அதான் ஒனக்கு எழுதவும் கை வரல. இன்னைக்குத்தான் மனசு கேக்காம எழுதுறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அய்யாவின் கடிதத்தைப் பிரித்தேன். அக்கா எழுதியதற்கு ஒரு நாள் கழித்துப் போட்ட முத்திரை. எப்போதும்போல் முத்து முத்தான எழுத்து.

"சௌபாக்கியவதி பஞ்சவர்ணத்துக்கு அநேக ஆசீர்வாதம். இங்கு மழை போதாது. கண்மாயில் பாதித் தண்ணீர்தான். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. நீ எழுதியபடி படம் பார்த்தோம். குதிரைகள் நல்ல ஜாதி. உன் முகம் எங்கும் தெரியவில்லை, சத்தம் தெரிந்தது. படத்தை அதிகம் வெட்டியிருந்தார்கள். வெட்டியது போக மீதியிலேயே கதை எனக்கு விளங்கிவிட்டது. உன் தாயாருக்கு விளங்கவில்லை. நான் விளக்கிச் சொல்லவில்லை.

பங்குனி மூன்றாம் செவ்வாய் நம் ஊர் முளைப்பாரி. இந்த வருடம் நம் வீட்டில் இரண்டு போடுகிறோம். ஒன்று உன் தாயாருக்கு. மற்றொன்று வள்ளிக்கு. நாளை நானே தேவகோட்டை பஸ்ஸில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்."

வள்ளி என்ற இடத்தில் மை கொஞ்சம் ஊறியிருந்தது. பேனாவை அழுத்தி வைத்து நிறுத்தி எழுதியிருக்கிறார்.

சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் நம் ஊர் நாள்காட்டியிடம் ஓடினேன். விரல் வைத்து எண்ணினேன். முதல் செவ்வாய், இரண்டாம் செவ்வாய். மறுபடி எண்ணினேன். மூன்றாம் செவ்வாய் இன்றுதான். இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே மதியம் திரும்பி, முளைப்பாரி தெருவில் இறங்குகிற நேரம். ஆத்தாவுக்குப் பக்கத்தில் என் அக்கா தலையில் பயிரைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருப்பாள்.

நான் வாயைத் திறந்தேன்.